ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது

தலைப்பில் இருக்கும் தகவல் எனக்கு 44 வயதில்தான் தெரிந்தது. அதுவும் ஆட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆடு வளர்ப்புக் கையேடு ஒன்றின் இரண்டாம் ப்ரூஃபில் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. கீழ்வரிசையில் எட்டு முன்பல். மேலே பல்லே இல்லை, கெட்டியான ஈறு மட்டும் மெத்தைபோல இருக்கும். இலையைக் கீழ்ப்பல்லுக்கும் அந்த மெத்தைக்கும் நடுவில் கவ்வி வெடுக்கென்று இழுக்கும். அப்போது நான் பல்லாவரத்துக்குக் குடிவந்து 13 வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் பக்ரீதுக்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் வாசலுக்கு வாசல் ஆடு கட்டியிருக்கும். எங்கள் வீட்டு முருங்கைக் கொப்பை அவை மொட்டையடிப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட வாயைக் கவனித்ததில்லை.

நான் சிறுகதை எழுதுகிறவள். சோற்றுக்கு ப்ரூஃப் பார்க்கிறேன். பக்கத்துக்கு 15 ரூபாய், அவசரம் என்றால் 20. இரண்டு மூன்று பதிப்பகங்கள், ஒரு டிடிபி சென்டர், சீசனில் முனைவர் பட்ட ஆய்வேடுகள். எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலைமை இல்லை. வாஸ்து வந்திருக்கிறது, போட்டித் தேர்வு வினா விடை வந்திருக்கிறது, சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு வந்திருக்கிறது. பத்திரப் பதிவு வழிகாட்டி, தலபுராணம், கல்வெட்டுத் தொகுப்பு எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இவற்றை நான் "படித்தேன்" என்று கணக்கில் வைத்துக்கொண்டதே கிடையாது. ஒற்று மிகுமா மிகாதா, "ஒரு" வருமா "ஓர்" வருமா, இவ்வளவுதான் கண்ணில் படும். வேலை முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு நிஜமான வாசிப்புக்கு உட்காருவேன். நிஜமானது என்றால் சிறுகதை, நாவல். வேறென்ன இருக்கிறது என்று நினைத்திருந்த காலம்.

அந்தக் கையேடு வந்தபோது நான் ஒரு கதையை உருப்படியாக முடித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எழுதாமல் இல்லை. ஆரம்பம் மட்டும் பதினொன்று இருந்தது. எல்லாவற்றிலும் ஒரு பெண் ஜன்னல் ஓரம் நிற்பாள். வெளியே மழை. மேஜையில் காபி ஆறிக்கொண்டிருக்கும். அம்மாவின் பழைய புடவை எங்கேயாவது ஒரு மூலையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். இவற்றைப் படித்துக் காட்டியபோது என்னைவிட வயதில் சின்னவளான ஒரு தோழி, அவளும் எழுதுகிறவள்தான், தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, உங்க கதையில எல்லாரும் ஜன்னல்கிட்ட நின்னு யோசிச்சிக்கிட்டே இருக்காங்களே, யாருமே வேலைக்குப் போக மாட்டாங்களா?"

இரண்டு நாள் அவள் போனை எடுக்கவில்லை. அப்புறம் அச்சில் வந்த என் கடைசி ஒன்பது கதைகளை எடுத்துப் புரட்டினேன். ஐந்தில் ஜன்னல் இருந்தது. வேலைக்குப் போகிறவர் ஒரே ஒருவர், அவரும் "ஆபீஸுக்கு" போகிறார். எந்த ஆபீஸ், அங்கே என்ன செய்கிறார் என்று எனக்கே தெரியாது.

இத்தனைக்கும் அந்த இரண்டு வருஷமும் நிறையப் படித்தேன். நிறைய எழுதவேண்டுமானால் நிறையப் படிக்கவேண்டும் என்று எல்லோரும்தானே சொல்கிறார்கள். வருகிற சிறுகதைத் தொகுப்பு எதையும் விடுவதில்லை. தோசை மாவு அரைக்கும்போது பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலப்பார்கள் இல்லையா? நான் புது மாவே அரைக்காமல் பழைய மாவில் பழைய மாவைக் கலந்துகொண்டிருந்தேன். எனக்கு வந்த ஜன்னல்களும் மழைகளும் நான் பார்த்தவை கிடையாது. வேறு யாரோ கதையில் வைத்த ஜன்னலைப் பார்த்து இன்னொருவர் வைத்தது, அதைப் பார்த்து நான் வைத்தது.

சரி, கையேட்டுக்கு வருகிறேன். நோய்கள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு அட்டவணை. நோயின் பெயர், காரணம், அறிகுறி, தடுப்பு. அதில் மூன்றாவது வரிசையில் "துள்ளுமாரி" என்று இருந்தது. டைப் செய்தவர் எதையோ குழப்பிவிட்டார் என்று நினைத்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் கேள்விக்குறி வைத்தேன். பிறகு அந்தப் பகுதியைப் படித்தேன்.

மழைக்காலம் தொடங்கியதும் காய்ந்து கிடந்த நிலத்தில் இளம்புல் திடீரென்று முளைக்கும். மாதக்கணக்கில் காய்ந்த சருகைத் தின்ற ஆடு, பச்சையைக் கண்டதும் வயிறு முட்ட மேயும். குடலில் ஏற்கெனவே சாதுவாகக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா, அந்தத் திடீர் விருந்தில் தாறுமாறாகப் பெருகி விஷத்தைக் கக்கும். ஆடு துள்ளும், விழும், காலை உதைத்துக்கொள்ளும், செத்துப்போகும். பல சமயம் அறிகுறி பார்ப்பதற்குக்கூட நேரம் இருக்காது. ராத்திரி நன்றாக இருந்த குட்டி காலையில் விறைத்துக் கிடக்கும். அதிலும் நோஞ்சான் குட்டிகள் தப்பித்துவிடும், மந்தையிலேயே கொழுகொழுவென்று இருப்பவைதான் முதலில் போகும். ஆகவே மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடவேண்டும்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். மாரி என்றால் மழை. மாரி என்றால் அம்மனும்தான், அம்மன் கொண்டுவரும் நோயும்தான். இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது, முன்னால் ஒரு துள்ளல் வேறு. எந்தக் கவிஞரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததில்லை. மழை வந்ததற்குச் சந்தோஷப்பட்டு மறுநாள் மந்தையைப் பார்த்துத் தலையில் கை வைத்த யாரோ ஒருவர் வாயில் வந்திருக்கவேண்டும். கையேட்டை எழுதிய மருத்துவர் அதைச் சும்மா ஒரு கட்டத்துக்குள் வைத்துவிட்டு அடுத்த நோய்க்குப் போய்விட்டார். நான் போட்ட வட்டத்தின் மேல் குறுக்கே அடித்து "இருக்கட்டும்" என்று எழுதினேன்.

அன்று ராத்திரி ஒரு கதை தொடங்கினேன். மழை இருந்தது. ஜன்னல் இல்லை.

இப்படிச் சொன்னால் ஏதோ மந்திரம் போட்டதுபோல் ஆகிவிடும். நடந்தது வேறு. 14 பக்கம் எழுதினேன், அதில் எனக்குப் புதிதாகத் தெரியவந்த அத்தனையையும் கொட்டினேன். பல்லை வைத்து வயது பார்ப்பது, கன்னி ஆடு, கொடி ஆடு என்ற இனங்கள், சினைக்காலம் ஐந்து மாதம், கொட்டகைக்குத் தரை எத்தனை அடி உயரம். மாம்பலத்தில் இருக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் செய்தார். "அம்மா, நல்லா இருக்கு. படிச்சு முடிச்சதும் எனக்கே பேங்குல லோன் போட்டு பத்து ஆடு வாங்கலாம்னு தோணுது. ஆனா அந்தப் பையன் யாருன்னுதான் புரியல."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வெட்டினேன். 14 பக்கம் ஆறாயிற்று. கையேட்டிலிருந்து மிஞ்சியது இரண்டே விஷயம். ஒன்று அந்தச் சொல். இன்னொன்று, ஒரு கிழவர் கட்டைவிரலால் ஆட்டின் கீழுதட்டைக் கீழே இழுத்துப் பல்லைப் பார்க்கும் ஒரு வரி. மற்றதெல்லாம் வெளியே போனாலும் வீணாகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பத்திகளை எழுதிப் பார்த்ததால்தான் கிழவர் எந்தக் கையால் உதட்டை இழுப்பார், இன்னொரு கை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் பக்ரீதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பழைய டிரங்க் ரோட்டுச் சந்தைக்குப் போனேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைத் தெரியாதவர்களுக்கு: செடி, புறா, உடைந்த மிக்ஸி, மூக்கில்லாத பொம்மை, யாரோ கழற்றி விற்ற ஜன்னல் கம்பி, பழைய புத்தகம், எல்லாம் கிடைக்கும். ஆடு வாங்கப்போன எதிர்வீட்டுக்காரரோடு நானும் ஒட்டிக்கொண்டேன். முன்பெல்லாம் பேரம் பேசுகிறார்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். இப்போது பார்க்கிறேன், வருகிறவர் எல்லாம் முதலில் வாயைத்தான் திறக்கிறார்கள். குர்பானிக்கு வெள்ளாடு ஒரு வயது நிரம்பியிருக்கவேண்டும். நடுவில் இரண்டு பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்துவிட்டதா என்பதுதான் அதற்கு அத்தாட்சி. "ரெண்டு பல்லு போட்டுடுச்சு பாய், நல்லாப் பாரு" என்கிறார் விற்பவர். இவ்வளவு நாளும் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. பெயர் தெரியாததால் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு உ.வே.சாமிநாதையர் ஞாபகம் வரும். அவரோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் அடிக்க வராதீர்கள். 1880-ல் அவருக்கு 25 வயது, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆன வருஷம். அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், பட்டியல் நீளமாகத்தான் இருந்திருக்கும். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் சரி, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். படித்ததில்லை. இந்தச் சந்திப்பு நடந்த தேதியை, அக்டோபர் 21 என்று, வயதான பிறகும் அவர் மறக்காமல் எழுதிவைத்தார். ஒரு கேள்வி அவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கிறது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1887-ல் சீவக சிந்தாமணி அவர் பதிப்பில் வந்தது. ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இந்த ஏழு வருஷத்துக்கு நடுவில் இருக்கிறது. சைவ மடத்தில் படித்தவருக்குச் சமணக் காப்பியத்தில் பாதி புரியவில்லை. அதே கும்பகோணத்தில் சமணர் வீடுகளுக்குப் போகிறார். அங்கே அந்த நூல் பக்தியோடு படிக்கப்பட்டு வருகிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறார். நடந்து போகிற தூரத்தில் இருந்த வீடுகள்தான், தான் படித்த பட்டியலில் இல்லாததால் அதுவரைக்கும் அவருக்குத் தெரியாமல் இருந்தது. பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்தைக் கடந்து பீச்சுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த முன்சீபின் முகம் எப்படி இருந்திருக்கும் என்ற யோசனைதான் வரும்.

ஆட்டுக் கதை அச்சில் வந்த பிறகு எனக்குப் பேராசை பிடித்தது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வாரம் இரண்டு நாள் போக ஆரம்பித்தேன். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கி பஸ். 2010-ல் திறந்ததிலிருந்து போய்வருகிறேன்தான், ஆனால் இரண்டாம் தளத்துத் தமிழ் நூல்களைத் தாண்டி மேலே ஏறியதில்லை. இப்போது வேண்டுமென்றே எனக்குச் சம்பந்தமில்லாத தளங்களில் இறங்கினேன். எந்த அலமாரி என்றெல்லாம் திட்டம் கிடையாது. உண்மையைச் சொன்னால், நிலவியல் பக்கம் உட்கார்ந்ததற்குக் காரணம் அங்கே ஏசி நன்றாக வந்தது. அது மே மாதம்.

ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் பொருளடைவைப் புரட்டும்போது "பல்லாவரம்" என்று இருந்தது. கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புவோமே, அப்படி இருந்தது.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டியெடுத்த ஒரு குழியில் கையால் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கள் பின்னால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதே பல்லாவரத்தில்தான் நான் கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு உலக நிலவியலில் தனிப் பெயர் இருக்கிறது: சார்னோக்கைட். கல்கத்தாவுக்கு அடித்தளம் போட்டவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்த கல் இங்கேயுள்ள வகையைச் சேர்ந்தது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்துவிட்டு அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நம் ஊர் மலைக்குக் கல்கத்தாவில் செத்துப்போனவர் பெயர்! பெயர் வைக்கிறவர் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். (நாம் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், அதுவும் ஒரு வகையில் குறைதான்.) அந்தக் கல்லின் அடையாளம் என்னவென்று புத்தகத்தில் படித்தேன். நீலம் கலந்த கரும்சாம்பல் நிறம், உடைத்த பக்கத்தில் எண்ணெய் தடவியதுபோல் மினுக்கம்.

வீட்டுக்கு வந்து பின்கட்டில் துவைக்கிற கல் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். ஓரம் உடைந்த இடத்தில் மினுங்கியது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கல்லுக்கு அபிஷேகமா?" என்றார். இது எங்கேயிருந்து வந்த கல் என்று கேட்டேன். "எங்க மாமனார் காலத்துல மலையில ஒடச்சி மாட்டு வண்டியில கொண்டாந்து போட்டது" என்றார். அத்தனை வருஷமும் நைட்டியும் தலையணை உறையும் அடித்துத் துவைத்தது அதன் மேல்தான். என் கதைகளில் பல்லாவரம் மலை மூன்று நான்கு தடவை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் "தூரத்தில் மலை தெரிந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அந்த மலைகளை உடைத்த குழிகள் புறநகர் முழுக்க இருக்கின்றன. மழைத்தண்ணீர் நின்று குட்டையாகி, பையன்கள் குதிக்கப்போய் வருஷா வருஷம் யாராவது மூழ்குவார்கள். 2017 வறட்சியில் மாங்காட்டுப் பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் நின்ற தண்ணீரைச் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்பினார்கள். கல் போய் நகரமாயிற்று, கல் இருந்த பள்ளத்துத் தண்ணீர் பின்னாலேயே அதே நகரத்துக்குப் போயிற்று. இதை வைத்து நான் எழுதிய கதையில் சார்னாக் இல்லை, ஃபூட் இல்லை, 1863-ம் இல்லை. முதல் கதையில் பட்ட பாடு போதும். தண்ணீர் லாரி ஓட்டுகிற ஒருவர், தன் தம்பி மூழ்கிய குட்டையிலிருந்து தண்ணீர் ஏற்றவேண்டி வருகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் நிலவியல் புத்தகம் இல்லாவிட்டால் நான் அந்தக் குட்டை வரைக்கும் போயிருக்கமாட்டேன்.

அந்தப் புத்தகத்தை நான் கேட்டு வாங்கவில்லை என்பதை யோசித்துப் பார்க்கிறேன். கேட்கத் தெரிந்திருந்தால்தானே? அலமாரி திறந்திருந்தது, கை போயிற்று. இப்படி வாசகரை அலமாரிக்கு நடுவில் நடக்க விடவேண்டும் என்று இங்கே மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். சேர்ந்த ஒரு வாரத்துக்குள் வேலை அலுத்துப்போய்த் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். நூல்களை எப்படி வகைப்படுத்துவது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தவருக்கு விடை கிடைத்தது நூலகத்தில் இல்லை, செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில். மெக்கானோ என்று ஒரு பொம்மை, துளை போட்ட பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். ஒரு பொருளை முன்கூட்டியே முழுதாகப் பெட்டியில் அடைக்காமல், துண்டு துண்டாக வைத்துக்கொண்டு வேண்டியபடி பூட்டினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அதிலிருந்து வந்தது. நூலகவியலை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடைக்குள் அவர் நுழைந்திருக்கவே வேண்டாம்.

பாரதியைப் பற்றி இந்த விஷயத்தில் நிறைய எழுதிவிட்டார்கள், அதனால் ஒரே ஒரு வரி. புதுச்சேரியில் ஒளிந்து வாழ்ந்த காலத்தில், 1916-ல், அந்த மனிதர் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றித் தமிழனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். கையில் காசில்லை, வாசலில் போலீஸ், கவலை ஜப்பானியக் கவிதை.

எனக்கு வந்த கேட்டையும் சொல்லிவிடவேண்டும். குட்டைக் கதைக்குப் பிறகு எட்டு மாதம் நான் ஒரு வரி எழுதவில்லை. படித்துக்கொண்டே இருந்தேன். தேனீ, கலங்கரை விளக்கம், கூவத்தின் வரலாறு, தையற்கலை, பாம்புக்கடி, அச்சு இயந்திரம். குறிப்பேடு மூன்று தீர்ந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் "அடுத்த நாவலுக்குத் தயாரிப்பு" என்று சொன்னேன். நாவலும் இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளைத் தாளுக்குப் பயந்து புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தேன், அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு நாள் குறிப்பேட்டில் தேனீக்களைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைத் திரும்பப் படித்தபோது, இதை எழுதியது நான்தானா என்று சந்தேகம் வந்தது, ஒரு எழுத்துகூட ஞாபகமில்லை. காய்ந்த சருகைத் தின்று கிடந்த ஆடு பச்சையைக் கண்டது மாதிரிதான். எனக்கு வந்ததும் துள்ளுமாரிதான்.

இப்போது கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது. புதிதாக ஒரு சொல் கிடைத்தால் உடனே எழுதுவதில்லை. சாப்பிடும்போது வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்ப்பேன். என் கணவர் நிமிர்ந்து "என்ன, இன்னிக்கு என்ன ப்ரூஃப்?" என்று கேட்டுவிட்டால் அது இன்னும் என்னுடையது ஆகவில்லை என்று அர்த்தம். வாயில் சரளமாக வராத சொல் கதையிலும் துருத்திக்கொண்டுதான் நிற்கும்.

இன்னொரு விஷயம் தாமதமாகப் புரிந்தது. ஒரு பெரிய எழுத்தாளரை ஒரு மாதம் விடாமல் படித்தால் அவர் வாக்கியம் நம் கையில் ஒட்டிக்கொள்ளும், லேசில் உதிராது. கையேடுகளில் அந்த ஆபத்து இல்லை. கையேடு எழுதுகிறவருக்கு நடையைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. ஆடு செத்துவிடக்கூடாது, அதுதான் அவர் கவலை. அதனாலேயே சில சமயம் அவர் எழுதும் ஒரு வரி, நானெல்லாம் ஏழெட்டு முறை அடித்துத் திருத்தினாலும் வராத அளவுக்கு நேராக வந்து நிற்கும். எழும்பூர் கன்னிமாரா, நாட்டில் வெளியாகும் எல்லாப் புத்தகங்களுக்கும் சட்டப்படி ஒரு பிரதி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அங்கே தலைசிறந்த கவிதைத் தொகுப்புகளோடு நான் ப்ரூஃப் பார்த்த ஆடு வளர்ப்பும் வாழைத்தண்டும் இருக்கவேண்டும் என்று நினைத்தால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

போன மாதம் வந்த ப்ரூஃப் தோல் பதனிடுவது பற்றியது. 180 பக்கம், அவசரம், எனவே 20 ரூபாய். பக்கத்து ஸ்டேஷனான குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். நாகல்கேணிப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆட்டில் தொடங்கிய என் படிப்பு அதன் தோலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதலில் தோலை ஊறவைப்பது, பிறகு சுண்ணாம்புக் குழியில் போட்டு முடியை நீக்குவது, சதையைச் சுரண்டுவது, அப்புறம் ஆவாரம்பட்டைச் சாறு. குரோமிய உப்பு வந்த பிறகு பட்டையில் வாரக்கணக்கில் ஆன வேலை மிகச் சீக்கிரமாக முடிந்தது. வரிசை வரிசையாக, தெளிவாக, படத்தோடு.

எங்கள் தெருமுனை வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், 80 வயது இருக்கும். டேனரியில் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் "சாப்டீங்களா ஐயா" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. ப்ரூஃபை எடுத்துக்கொண்டு போனேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று என்னையே படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆவாரம்பட்டை வந்த இடத்தில், "வாசனை நல்லா இருக்கும்மா அது, மத்ததுதான் நாத்தம்" என்றார். சுண்ணாம்புக் குழி பற்றிய பக்கம் முழுவதையும் படித்து முடித்தேன். எத்தனை நாள், எவ்வளவு சுண்ணாம்பு, எப்போது புரட்டிப் போடவேண்டும். ஏதாவது தப்பாக இருக்கிறதா ஐயா என்று கேட்டேன்.

"எல்லாம் கரெக்டாத்தான் போட்டிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "புரட்டணும்னு போட்டிருக்கானே, யாரு எறங்கிப் புரட்டறதுன்னு போடலியே?"

நான் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். போடவில்லை. "புரட்டிவிட வேண்டும்" என்று மட்டும்தான் இருந்தது. எழுவாய் இல்லாத வாக்கியம். மூன்று முறை ப்ரூஃப் பார்த்தும் எனக்கு அது உறுத்தவில்லை.

பெரியவர் திண்ணையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வலது காலை நீட்டி வெளிச்சத்தில் வைத்தார்.

"இங்க பாரும்மா" என்றார்.